சிடி இல்லாமல் முதலிடம்

1984-இல் வெளிவந்த 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 2021 பிறந்த அன்று பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததே, யாராவது அதைப் புதிதாகப் பாடினார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அதே வாம் குழு, அதே பாட்டு. எண்ணும் முறைதான் மாறியிருக்கிறது.

1952-இல் ஓர் இசைப் பத்திரிகை கடைகளுக்குப் போன் போட்டு, எந்த இசைத்தட்டுகள் அதிகம் விற்கின்றன என்று கேட்டுத் தொடங்கிய பட்டியல் அது. 2005 ஏப்ரலில் டவுன்லோடுகளையும் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் ஒரு கொக்கி: அந்தப் பாட்டு இசைத்தட்டாகவோ சிடியாகவோ கடையிலும் வந்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கூத்து இங்கேதான். 2006-இல் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, சிடி வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே டவுன்லோடை எண்ணலாம் என்றார்கள். நார்ல்ஸ் பார்க்லி குழுவின் 'கிரேஸி', கடைக்கு வருமுன்பே, டவுன்லோடை மட்டும் வைத்து முதலிடத்துக்குப் போனது. ஒன்பது வாரம் அசையவில்லை. கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குச் சலித்துவிடக் கூடாதென்று அந்தக் குழுவே சிடியைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. சிடி போய் இரண்டு வாரத்தில் பாட்டையும் நீக்க வேண்டும் என்பது விதி. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பாட்டு பட்டியலில் இல்லாமல் போனது! சிறுவயதில் நான் போன நூலகத்தில், அட்டவணையில் சீட்டு இல்லையென்றால், அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் புத்தகத்தையும் 'இல்லை' என்பார்கள். அதே நியாயம்தான்.

2007 ஜனவரியில் கொக்கியைக் கழற்றினார்கள். அதன்பின் எந்தக் காலத்துப் பாட்டும் மேலே வரலாம். 2009 கிறிஸ்துமஸுக்கு, 'எக்ஸ் ஃபேக்டர்' டிவி போட்டியில் வென்றவர்களே வருடா வருடம் முதலிடம் வாங்குவதில் வெறுத்துப்போன ஒரு தம்பதி, ஃபேஸ்புக்கில் ஆள் திரட்டினார்கள். ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் குழுவின் 1992-ஆம் வருடத்துப் பாட்டை ஐந்து லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோட் செய்து ஜெயிக்க வைத்தார்கள். தோற்ற பாட்டும் ஜெயித்த பாட்டும் சோனி குழுமத்தினுடையவை என்பதுதான் வேடிக்கை.

2014-இல் ஸ்ட்ரீமிங் சேர்ந்தது. அப்போது 100 முறை ஓடினால் ஒரு விற்பனை என்று வைத்தார்கள். இதில்தான் எனக்கு வருத்தம். காசு கொடுத்து வாங்கியவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' போல டிசம்பர் முழுக்க வீட்டில் தானாக ஓடும் வரிசைப் பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஸ்ட்ரீமிங்கை எண்ணியதில் இன்னொரு கூத்தும் நடந்தது: 2017 மார்ச்சில் பாடகர் எட் ஷீரனின் ஒரே ஆல்பத்திலிருந்து 16 பாட்டுகள் முதல் 20 இடங்களுக்குள் நுழைந்துவிட்டன. கணக்கர்கள் பதறிப்போய் அந்த ஜூலையிலேயே, ஒருவருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று விதி போட்டார்கள்.