எஃகை ஆய்தல்

அரிச்சுவடி கற்பிக்கும் ஆசிரியர் ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதும் சொற்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று எஃகு. மாணாக்கர் பலர் அவ்வெழுத்தை ‘ஆயுத எழுத்து’ என்று பிழைபட வழங்குவர். கேடயத்து மேலுள்ள மூன்று குமிழ்களைப் போன்றிருத்தலால் அப்பெயர் வந்ததென்று காரணமும் காட்டுவர். ஆய்தம் வேறு, ஆயுதம் வேறு. ஆய்தல் என்னும் உரிச்சொல்லுக்கு, உள்ளதொரு பொருள் நுண்ணிதாதல் என்பது தொல்காப்பியர் கொண்ட பொருள். பிற்கால வழக்கிலே அச்சொல் பலவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுத்தலையும் குறிக்கும்.

இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதற்குக் கத்தியினும் சிறந்த பொருளை நான் கண்டிலேன். கொல்லன் இரும்பைத் தட்டித் தட்டி நுண்ணிதாக்குகின்றான். அது முதலாவது ஆய்தல். வாங்குவோன் அதனைக் கையிலேந்தி நலந்தீங்கு நாடுகின்றான். அது இரண்டாவது ஆய்தல். இரண்டனுள் ஒன்று பழுதுபட்டாலும் கத்தி பயன்படாது. ஏடு பிடித்த கைக்குக் கத்தியைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். தெமோதரையிலே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வாழும் ஒருவனுக்கு அது வெறும் பேச்சன்று. என் மாணாக்கர் பலர் வீட்டு அடுப்பு எரிவது அவர்தம் தந்தையர் கைக் கத்தியினாலேயாகும்.

தனக்கென அளவு கொடுத்து, வேட்டைக்குரிய கூர்ங்கருவியைக் கொல்லனிடம் செய்வித்துக்கொண்டதைப் பற்றிய சுவைமிக்க செய்தியொன்று நம் ஊவா நாட்டைச் சார்ந்தே வழங்குகின்றது. 1660ஆம் ஆண்டு முதல் 1679 வரை கண்டி அரசிலே சிறையிருந்து தப்பிச் சென்ற இராபர்ட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, பிந்தன்னைக் காட்டு வேடரைப் பற்றி எழுதியிருக்கின்றார். பிந்தன்னையாவது இன்றைய மகியங்கனைப் புறமாகும். வேடனுக்கு அம்பு வேண்டுமாயின் அவன் இரவிலே ஊருக்குள் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சிச் சுமையைத் தொங்கவிடுவான். அதன் பக்கத்திலே, தான் வேண்டும் அம்பின் வடிவாக வெட்டிய இலையொன்றையும் கட்டிவிட்டுப் போவான். கொல்லன் அவ்விலையின் அளவுப்படியே அம்பைச் செய்து, இறைச்சி தொங்கிய இடத்திலேயே வைப்பான். வேடன் வந்து எடுத்துச் செல்வான்; வேலை பிடித்திருந்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து தருவான். கொல்லன் செய்யாது விட்டாலோ, என்றேனும் ஓர் இரவில் அம்பு அவனையே தேடி வரும்.

ஒரு சொல்லும் பேசாமல் நடந்த இவ்வாணிகத்திலே நாம் கற்கத்தக்கவை மூன்று. கருவியின் வடிவை வகுத்தவன் அதனைக் கையாள்பவன், செய்பவன் அல்லன். விலையின் ஒரு பகுதி முன்னே கொடுக்கப்பட்டது; ஆதலின் கொல்லன் கடன்பட்டுத் தொழில் செய்ய வேண்டியதில்லை. மறுபகுதி வேலையின் தரங்கண்ட பின்னர் வந்தது. ஆதலின் அவன் அசட்டையாகச் செய்யவும் இடமில்லை. அம்பெய்து பழிதீர்க்கும் நான்காவது முறை மட்டும் நமக்கு வேண்டா.

இன்று வேட்டை நம் நாட்டிலே சட்டத்தால் கட்டுண்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு வரம்பிட்டது. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் வகுக்கப்பட்டபோது வேடர் வழிவழியாக வேட்டையாடித் திரிந்த காடும் அதனுள் அடங்கிற்று. காட்டுக் கத்தியின் காலம் இங்ஙனம் ஒடுங்கியது. ஆனால் மலையிலே மற்றொரு கத்தி வாழ்கின்றது. அதுவே கவ்வாத்துக் கத்தி.

கவாத்து என்பது படைவீரர் அணிவகுத்துப் பயில்வதற்கும் வழங்கும் சொல். தேயிலைச் செடியை ஒரே மட்டத்திற்கு வெட்டி நிறுத்துதலும் ஒருவகை அணிவகுப்பே. மலைநாட்டிலே மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவர். முற்றிய கிளையை உட்புறம் சரியுமாறு ஒரே வீச்சில் வெட்டுதல் வேண்டும். வெட்டுவாய் வழவழப்பாயிருந்தால் மழைநீர் வழிந்தோடும். பட்டை மூடிக் காயம் ஆறும். கத்தி மழுங்கியதாயின் கிளை பிளவுறும், பட்டை உரியும், அப்பிளவிலே நீர் தங்கும், பூஞ்சணம் புகும், உள்மரம் உளுத்துப்போகும். மழுங்கிய கத்தியின் குற்றத்தை அச்செடி பல்லாண்டு சுமக்கின்றது. வெட்டுபவனோ ஒரு கிளைக்கு ஒரு வீச்சுப் போதுமாகிய இடத்திலே இரண்டும் மூன்றும் வீசி, மாலையில் மணிக்கட்டு வீங்கி வீடு திரும்புகின்றான். பல தோட்டங்களிலே இயந்திரக் கவ்வாத்தும் வந்துவிட்டது. ஆயினும் செங்குத்தான சரிவிலே கைக்கத்திக்கு இன்னும் வேலை உண்டு.

சில ஆண்டுகளின் முன், என் மாணாக்கன் ஒருவனின் தந்தையாரோடு பதுளைப் பக்கத்துப் பட்டறையொன்றுக்குச் சென்றிருந்தேன். முப்பதாண்டு கவ்வாத்து வெட்டிய கை அவருடையது. அவர் வாயால் எதனையும் விவரிக்கவில்லை. பழைய தேயிலைப் பெட்டியின் அட்டையிலே தம் கத்தியின் வடிவை வெட்டி மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதனைக் கொல்லுலையின் பக்கத்திலே விரித்து, “பாஸ், நுனி இவ்வளவுதான் வளைய வேண்டும். போன கத்தி கிளைக்குள் கொளுவிக்கொண்டது” என்றார். சிங்களக் கொல்லர் அட்டையைத் தம் முன்கையோடு அளந்து பார்த்துத் தலையசைத்தார். நொக்சு எழுதிய இலை எனக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது. கொல்லரின் மொழி வேறு, வந்தவரின் மொழி வேறு. இருவருக்கும் இடையே அட்டையொன்றே பேசிற்று.

இனி நல்ல கத்தியை ஆயும் வகையைக் கூறுவேன். அன்று அப்பெரியவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே கூறுகின்றேன்.

முதலாவது இரும்பு. நம் நாட்டுக் கொல்லர் பலர் பழைய லொறி வில்லுத் தகட்டைக் கத்தியாக்குகின்றனர். இதனைக் கழிவுப்பொருள் என்று இகழ்தல் ஆகாது. வில்லுத் தகட்டில் நூற்றுக்கு அரைப்பங்கைச் சற்று மிஞ்சிய கரி கலந்திருக்கும். கூர் நிற்பதற்கும் உடையாதிருப்பதற்கும் அது ஏற்ற அளவு. கரியில்லாத மெல்லிரும்பை எவ்வளவு தோய்த்தாலும் அது இறுகாது.

இரண்டாவது தோய்ச்சல். செந்தழலாய்க் காய்ந்த அலகை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடி போல் இறுகும். உடனே நொறுங்கவும் செய்யும். ஆகவே கொல்லர் அதனை மீண்டும் இளஞ்சூட்டிலே காட்டுவர். துலக்கிய இரும்பின் மேலே முதலில் வைக்கோல் நிறம் படரும், பின்னர் ஊதா, பின்னர் நீலம். எந்நிறத்திலே நிறுத்துவது என்பதே தொழிலின் மறைபொருள். அளவுக்கு மிஞ்சி இறுகிய வாய் முற்றிய கிளையிலே பட்டுப் பல்விழும்; இளகிய வாய் மடியும். இதனை அறிய அரம் ஒன்று போதும். கத்தியின் வாயில் அரம் வழுக்க வேண்டும். முதுகில் கடிக்க வேண்டும். இரண்டிடத்தும் வழுக்கினால் அக்கத்தி உடையும். இரண்டிடத்தும் கடித்தால் அக்கத்தி வளையும். சாணைச் சக்கரத்திலே பிடித்த கத்தியின் விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டினாலே பதம் கெட்டது என்று தெளிக.

மூன்றாவது நேர்மை. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, முதுகின் வழியே நுனி வரை பார்த்தல் வேண்டும். கோட்டம் அங்கே தோன்றும். பிடியை இலேசாகப் பற்றி அலகை விரலாற் சுண்டினால் ‘கிண்’ என்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாம், பிடி தளர்ந்துமிருக்கலாம்.

நான்காவது பிடி. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் சென்றிருக்கின்றது, ஆணி அறைந்து இறுக்கப்பட்டிருக்கின்றதா, வாயிற் பூண் உண்டா என்று பார்க்க. பளபளக்கும் வண்ணப் பிடியைக் கண்டு மயங்குவோர் பலர். மழை நாளில் ஈரக்கை வழுக்காத மரப்பிடியே நலம். பிடியும் அலகும் சேருமிடத்திலே விரலை வைத்துத் தூக்கினால் கத்தியின் எடை எப்பக்கம் சாய்கின்றது என்பது புலப்படும். வெட்டும் கத்திக்கு எடை அலகின் பக்கம் சற்றே சாய்தல் நன்று. மிகச் சாய்ந்தால் மணிக்கட்டு வருந்தும்.

இவ்வறிவு நம் மண்ணிற்குப் புதியதன்று. தமிழகத்திலே நொய்யற் கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. இலங்கையிலே இரும்பு உருக்கும் முறையையும் எஃகு வடிக்கும் முறையையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் பெருநூலிலே விரித்தெழுதினார். கீழ்நாட்டு எஃகின் இயல்பை 1819ஆம் ஆண்டளவில் இலண்டனிலிருந்து ஆராய்ந்தவர் மைக்கேல் பரடே. மின்னியலால் உலகறிந்த அப்பேரறிஞர் ஒரு கொல்லனின் மகன் என்பது நினைக்கத்தக்கது.

எல்லாவற்றினும் வியப்பானது நமக்கு அண்மையில் உள்ள செய்தி. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் எழுந்த பகுதியிலே கில் சூலெவ் என்னும் ஆய்வாளர், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளின் உச்சியில் பழைய உலைகளைக் கண்டறிந்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை சிறந்து விளங்கின. அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்றே துருத்தியாய் நின்று ஊதிற்று. அவ்வாறே உலை அமைத்து உருக்கிப் பார்த்தபோது கரிமிக்க எஃகு கிடைத்தது என்பதை அவர் 1996இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் ஏட்டிலே வெளியிட்டார். அத்தென்மேல் காற்றே மேலைச் சரிவிலே மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த காற்றாய் நம் ஊவாவுக்கு இறங்கி வருகின்றது. ஆடி, ஆவணித் திங்கள்களிலே தேயிலைக்கு உலகறிந்த மணத்தை ஊட்டுகின்றது. அன்று எஃகை வடித்த காற்று இன்று தேயிலைக்கு மணமூட்டுகின்றது.

இனி விலை. சந்தையிலே குவித்து விற்கும் தகட்டுக் கத்தி மலிவு. சொல்லிச் செய்வித்த கத்தி அதனின் இருமடங்கு விலை என்று கொள்வோம். மலிவானது ஒரு பருவத்திலே பல்விழுந்து போகும்; செய்வித்தது ஐந்து பருவம் நின்றால், பருவக் கணக்கில் அதன் விலை மலிவுக் கத்தியின் விலையிற் பாதிக்கும் குறைவு. இது நம் நான்காம் வகுப்புக் கணக்கே. ஆயினும் நாட்கூலி வாங்குவோன் கையிலே இருமடங்கு பணம் ஒருங்கே இருப்பதில்லை. ஏழை விலை கூடியதை விட்டு மலிவை நாடுவது அறியாமையால் அன்று, முதல் இல்லாமையால். ஒரு கத்திக்கு முன்பணம் கொடுத்துதவும் சிறு சேமிப்புச் சங்கம் ஒவ்வொரு லயத்திலும் அமையுமாயின், அது பல அறிவுரைகளினும் மேலாகும்.

மற்றொன்றும் கூறுவேன். விலையைப் பேசிக் குறைப்பதைச் சாமர்த்தியம் என்று எண்ணுகின்றோம். கத்தியிலே கண்ணுக்குத் தெரிவன வடிவும் மினுக்கமும் பிடியும். கண்ணுக்குத் தெரியாதது தோய்ச்சல். அடக்கத்திற்கும் கீழே விலையைக் குறைத்தால், கொல்லன் கண்ணுக்குத் தெரிவதிலே குறைக்க மாட்டான், தெரியாததிலேதான் குறைப்பான். கரியை மிச்சம்பிடிப்பான், இளஞ்சூட்டிலே பொறுத்திருக்க வேண்டிய நேரத்தைச் சுருக்குவான். நாம் குறைத்த காசு கொல்லனிடமிருந்து போகவில்லை. நம் கத்தியின் உள்ளிருந்தே போயிற்று. ஆகவே இரும்பின் விலை, கரியின் விலை, பிடியின் விலை, அவன் உழைத்த நாளின் கூலி என்று நான்கையும் அவனிடமே கேட்டுக் கூட்டிப் பார்க்க. அத்தொகைக்கு மேலே, அவன் பட்டறை வாழ்வதற்கு ஒரு பங்கு சேர்க்க. அதுவே நியாய விலை. வேடனைப் போல் ஒரு பகுதியை முன்னே கொடுத்து, மறுபகுதியைச் சில நாள் வெட்டிப் பார்த்த பின்னர்க் கொடுப்பதாகப் பேசிக்கொள்க. தொழிலில் நம்பிக்கையுள்ள கொல்லன் அதற்கு மறுக்கான்.

அன்று அப்பெரியவர் அங்ஙனமே செய்தார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பி, “ஐயா, இவருக்குப் பிறகு இந்தப் பட்டறையில் யாரும் இல்லை; மகன் கொழும்பில் இருக்கிறான்” என்றார். அது வருத்தத்திற் சொன்னது மட்டுமன்று, கணக்கிட்டுச் சொன்னதுமாகும். தம் கையின் அளவறிந்த ஒருவர் உலையை மூடிவிட்டால், அட்டையிலே வடிவை வெட்டிக்கொண்டு எவரிடம் போவது? ஒரு பட்டறை மூடும்போது ஒரு கடை மட்டும் மூடுவதில்லை. எந்நிறத்தில் நிறுத்துவது என்னும் அறிவும் உடன் போகின்றது. அதனை எழுதிவைத்த ஏடில்லை. கற்பிக்கும் பள்ளியும் இல்லை. நம் இளைஞர் சொல்லாய்வு செய்வது நன்று. அருகிலுள்ள பட்டறைக்கும் ஒரு நாள் சென்று, உலைமுன் அமர்ந்து, கொல்லர் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைப்பாராயின், எஃகு என்னும் சொல்லின் பொருள் அவர்க்கு அகராதியிற் காண்பதினும் தெளிவாக விளங்கும்.