எதிர்வரிசையில் ஒரு செனட்டர்

மக்களாட்சி நடைபெறும் நாட்டிற்கு ஆளுங்கட்சியைப் போலவே எதிர்க்கட்சியும் இன்றியமையாதது என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆயினும், சட்டம் இயற்றப் போதிய வாக்குகள் இல்லாமலும், அரசாங்கப் பணத்தில் ஒரு காசும் செலவிடும் உரிமை இல்லாமலும் எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் ஒருவரால் செய்யக்கூடியது யாது? அவர் பேசலாம், பேசியபின் வாக்கெடுப்பில் தோற்கலாம். அவ்வளவுதானா? இவ்வினாவுக்கு விடை காண, ஆஸ்திரேலிய நாட்டின் செனட் சபையில் எதிர்க்கட்சித் தலைவராய் விளங்கிய லயனல் மர்பி என்பவரின் பணியை நோக்குவோம்.

முதலில் அச்சபையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் கான்பெரா நகரில் இருக்கின்றது. அதற்குக் கீழ்ச்சபை, மேற்சபை என இரு சபைகள் உண்டு. கீழ்ச்சபையில் பெரும்பான்மை பெற்றவரே அரசாங்கம் அமைப்பர். மேற்சபையாகிய செனட்டில் மர்பியின் காலத்தில் 60 உறுப்பினர் இருந்தனர். மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொன்றுக்கும் 10 இடங்கள். வரி விதிக்கும் மசோதாவையும் செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவையும் செனட் சபை தானே தொடங்கவோ திருத்தவோ இயலாது; ஆனால் மறுத்துவிட இயலும். அங்கே வாக்குகள் சமமாகப் பிரிந்தால் பிரேரணை தோற்றதாகவே கொள்ளப்படும்.

ஒரு காலத்தில் இச்சபையில் எதிர்க்கட்சி என்பது பெயரளவிலேயே இருந்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அப்போதிருந்த 36 இடங்களில் 33 இடங்கள் ஒரே கட்சியின் கையில் இருந்தன! மூவர் அமர்ந்து எதிர்வாதம் புரிவது எங்ஙனம்? 1949ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் விகிதாசார முறை கையாளப்பட்டது. கட்சிகள் தாம் பெற்ற வாக்குகளுக்கு ஏற்ப இடங்களைப் பெற்றன. சிறு கட்சிகளும் சபையினுள் நுழைந்தன. 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆளுங்கூட்டணிக்கு 28 இடங்களும், தொழிற்கட்சிக்கு 27 இடங்களும், ஜனநாயகத் தொழிற்கட்சி என்னும் மற்றொரு கட்சிக்கு 4 இடங்களும், கட்சி சாராத ஒருவருக்கு ஓர் இடமும் இருந்தன. இத்தகைய சபையில் தக்க சொல்லும் தக்க வினாவும் வாக்கெடுப்பின் முடிவையே மாற்றிவிடக் கூடும்.

மர்பி 1922ஆம் ஆண்டு சிட்னி நகரில் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் முதலில் வேதியியல் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார். 1961ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சியின் சார்பில் வென்று, அடுத்த ஆண்டு செனட்டில் அமர்ந்தார். 1967ஆம் ஆண்டு அங்கு எதிர்க்கட்சித் தலைவரானார். அக்காலத்தில் தொழிற்கட்சியின் கொள்கை, செனட் சபையையே ஒழித்துவிட வேண்டும் என்பதாகும். ஒழிக்கப்பட வேண்டியது என்று தம் கட்சி முடிவு செய்திருந்த ஒரு சபைக்கு வலிமை தேடித் தந்தவர் அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரே என்பது வியப்பாக இல்லையா?

அவர் தலைவரான ஆண்டிலேயே சபையின் போக்கு மாறத் தொடங்கியது. தபால், தந்திக் கட்டணங்களை உயர்த்த அரசாங்கம் கொண்டுவந்த மசோதாவைச் செனட் மறுத்தது. சபை கலைந்து உறுப்பினர் ஊர் திரும்பியபின், அரசாங்கம் அக்கட்டணங்களை விதிகளின் வாயிலாக உயர்த்த முற்பட்டது. உறுப்பினருள் பெரும்பாலோர் வேண்டிக்கொண்டதன் பேரில் 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் சபை மீண்டும் கூடி, அவ்விதிகளைத் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டில் எழுந்த விமான விவகாரம் இதனினும் புகழ்பெற்றது. அமைச்சர்களும் முக்கியப் பிரமுகர்களும் பயணம் செய்வதற்கென விமானப்படையின் விமானங்கள் சில ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் யார் யார் சென்றனர், எதற்காகச் சென்றனர் என்று பாராளுமன்றத்தில் வினவப்பட்டது. பயணிகளின் பெயர்கள் பதிவு செய்து வைக்கப்படுவதில்லை என்னும் பொருள்பட 1966ஆம் ஆண்டு பிரதமர் ஹாரல்ட் ஹோல்ட் விடையளித்திருந்தார். மர்பி அவ்விடையோடு அமையவில்லை. விமானத்தில் ஏறுவோர் பெயரைக் குறிக்காமல் எந்த விமானப்படையேனும் பறக்குமா? ஆவணங்களைச் சபையில் வைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். விமானத்துறைச் செயலரையே சபையின் முன் வரவழைக்கவும் முனைந்தார். செனட்டில் அரசாங்கத் தரப்பின் தலைவராய் இருந்த ஜான் கோர்ட்டன் நிலைமையை உணர்ந்துகொண்டார். 1967ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், இல்லை எனப்பட்ட அப்பெயர்ப் பட்டியல்களை அவர் சபையின் மேசைமீது வைத்தார். எதிர்க்கட்சி ஒரு மசோதாவையும் வெல்லவில்லை; ஆயினும், பொதுமக்கள் பணத்தைப் பற்றிய ஒரு வினாவுக்கு உண்மையான விடை கிடைத்தது.

இவ்வாறு விடை பெறுவது ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டமாக இருத்தல் ஆகாது; வினவுவதற்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்று மர்பி எண்ணினார். செனட்டில் விவாதம் நடைபெறும் முறையில் ஒரு குறை இருந்தது. அமைச்சர்களுள் பலர் கீழ்ச்சபையினர். ஆதலால் செனட்டில் உள்ள அமைச்சர், வேறோர் அமைச்சருக்காக அதிகாரிகள் எழுதித் தந்த குறிப்பைப் படித்துவிட்டு அமர்வார். அதற்குமேல் கேட்டால் அவருக்கும் தெரியாது. தெரிந்த அதிகாரிகளோ சபையில் பேச இயலாது.

இதற்கு மருந்து குழு முறையாகும். சில உறுப்பினர் அடங்கிய ஒரு குழு, அதிகாரிகளையும் அறிஞர்களையும் பொதுமக்களையும் நேரில் அழைத்து விசாரிக்கும். எழுத்து மூலமான கருத்துக்களைப் பெறும். பின்னர் அறிக்கை தரும். அதன்பின் நடைபெறும் விவாதம் வெறும் சொற்போராக இல்லாமல், சான்றுகளின்மேல் நடைபெறும். இக்கருத்து மர்பி ஒருவருடையது அன்று. செனட் சபையின் செயலராய் விளங்கிய ஜேம்ஸ் ஆட்ஜர்ஸ், அமெரிக்கச் செனட்டின் நடைமுறைகளை 1950களிலேயே ஆராய்ந்து வந்து, குழு முறையை எடுத்துரைத்திருந்தார். அறிந்தோர் கூறிய கருத்தைப் பிரேரணையாக்கி, வாக்கு திரட்டி, சபையை ஏற்கச் செய்தது மர்பியின் பணி. அதுவே கடினமானது என்பது எம் கருத்து.

1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. அரசாங்கத்தின் பல துறைகளையும் தமக்குள் பங்கிட்டு ஆராயத்தக்க 7 நிலைக்குழுக்களை அமைக்க வேண்டும் என்ற மர்பியின் பிரேரணைக்கு ஆதரவாக 27 வாக்குகளும், எதிராக 26 வாக்குகளும் கிடைத்தன. ஒரே ஒரு வாக்கு! ஒருவர் மனம் மாறியிருப்பின் பிரேரணை வீழ்ந்திருக்கும். துறைகளின் செலவுத் திட்டங்களை ஆராய 5 மதிப்பீட்டுக் குழுக்கள் வேண்டும் என அரசாங்கத் தரப்பினர் கொண்டுவந்த பிரேரணையும் அன்றே நிறைவேறியது. எதிர்க்கட்சியின் முயற்சியும் ஆளுங்கட்சியின் முயற்சியும் சேர்ந்து ஒரே நாளில் சபையின் இயல்பையே மாற்றின.

எதிர்வரிசையில் இருந்தபோதே மர்பி மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா ஒன்றையும் கொண்டுவந்தார். அது அப்போது சட்டமாகவில்லை. 1972ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வர, மர்பி சட்டத்துறைத் தலைவரானார். 1973ஆம் ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது.

ஆட்சிக்கு வந்தபின் நிகழ்ந்தவற்றையும் மறைத்தல் கூடாது. எதிர்க்கட்சிக்கென அவர் வகுத்த வழிகளில் இப்போது அவருடைய எதிரிகள் நடந்து வந்தனர். அவர் கூர்மையாக்கிய வினாக்கள் அவர் அரசாங்கத்தை நோக்கியே எழுந்தன. 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம், வரி பற்றிய ஒரு மசோதாவை எதிர்த்துப் பேசியபோது, தம் கட்சி அதற்குமுன் செனட்டில் எதிர்த்த பண மசோதாக்கள் 169 என ஒரு பட்டியலை அவர் சபையில் வைத்திருந்தார். 1975ஆம் ஆண்டு அக்டோபரில், தொழிற்கட்சி அரசாங்கத்தின் செலவு மசோதாக்களைச் செனட்டில் எதிர்க்கட்சியினர் தடுத்து நிறுத்தினர். அப்போது அவர்கள் தமக்குத் துணையாக எடுத்துக்காட்டியவற்றுள் மர்பியின் அப்பேச்சும் ஒன்று. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் அவ்வரசாங்கம் பதவியினின்று நீக்கப்பட்டது. மர்பி அதற்குச் சில மாதங்கள் முன்னரே உயர்நீதிமன்ற நீதிபதியாகச் சென்றிருந்தார். பிற்காலத்தில் நீதி நடைமுறையில் தலையிட முயன்றதாக அவர்மீது வழக்கு எழுந்தது. 1985ஆம் ஆண்டு குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் 1986ஆம் ஆண்டு மறுவிசாரணையில் விடுதலை பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் காலமானார்.

குழுக்களின் எண்ணிக்கையும் பெயர்களும் பின்னர்ப் பலமுறை மாறின. ஆயினும், ஆண்டுதோறும் சில முறை, துறைச் செயலர்களும் அதிகாரிகளும் தம் கோப்புகளோடு செனட்டர்களின் எதிரில் இன்றும் அமர்கின்றனர். எந்தக் கட்சியின் செனட்டரும் வினவலாம். விடை கைவசம் இல்லையெனில், வினாவைக் குறித்துக்கொண்டு, பின்னர் எழுத்து மூலம் தருவதாக அதிகாரி கூறுவார். அங்ஙனம் பின்னர் வரும் விடையும் வெளியிடப்படுகின்றது. வேண்டுவோர் எவரும் அதனைப் படித்துப் பார்க்கலாம்.