பவளத் தொட்டிக்குள் நீரோட்டம்: பம்பையும் கன்ட்ரோலரையும் தேர்ந்தெடுத்தல்

பவளம் இருந்த இடத்தை விட்டு நகர முடியாத விலங்கு. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் இரையும் எலும்புக்கூட்டைக் கட்டும் கால்சியமும் நீரோட்டத்தில்தான் வந்து சேர வேண்டும்; அது கழிக்கும் சளியும் கசடும் நீரோட்டத்தில்தான் அகல வேண்டும். நீருக்குள் இருக்கும் எந்தப் பரப்பையும் ஒட்டி ஏறத்தாழ அசைவற்றுத் தங்கும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. எல்லைப் படலம் எனப்படும் இதைப் பொருள்கள் தாமாகப் பரவும் மெதுவான வழியில் மட்டுமே கடக்க முடியும் என்பதால், ஓட்டம் தளர்ந்து படலம் தடிக்குந்தோறும் பவளத்தின் மூச்சும் உணவும் குன்றுகின்றன. பகல் வேளையில் இன்னொரு தீங்கும் நேர்கிறது: பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் வெளியிடும் ஆக்சிஜன், வெளியேற வழியின்றித் தேங்கித் திசுவையே வாட்டுகிறது. 1998-இல் உலகெங்கும் பவளங்கள் வெளிறியபோது சில இனங்கள் மடிந்ததற்கும் சில பிழைத்ததற்கும் நீரோட்ட வேகம் ஓரளவு காரணம் என்று, ஒக்கினாவாவில் கண்டவற்றைக் கொண்டு நாகாமுரா, வான் வூசிக் ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினர்.

ஆகவே பவளத் தொட்டியில் விளக்குக்குத் தரும் கவனத்தை நீரோட்டத்துக்கும் தருவது இன்றியமையாதது. ஆனால் தொட்டி அமைக்கும் முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இந்தியாவில் கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. எனவே மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. இங்கு விவரிக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஜெர்மானிய வளர்ப்பாளர்களின் வீடுகளிலும் பொதுக் காட்சியகங்களிலும் உருப்பெற்றவை.

தொட்டியில் இருவகைப் பம்புகள் இயங்குகின்றன. கீழே உள்ள வடிகட்டும் தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலேற்றுவது ரிட்டர்ன் பம்ப். தொட்டிக்குள்ளேயே நீரை அசைத்துக்கொண்டிருப்பது சுழற்சிப் பம்ப். முன்னதன் பெட்டியில் அச்சிடப்படும் கொள்ளளவு, நீரைச் சிறிதும் உயர்த்தாத நிலைக்கு உரியது. நீர் ஏற வேண்டிய உயரமும் குழாயின் வளைவுகளும் அதைப் பெரிதும் குறைத்துவிடும் என்பதை மனத்தில் கொண்டு வாங்கினால் போதும். தேர்வில் உண்மையான சிக்கல் பின்னதில்தான் இருக்கிறது.

முற்காலத்தில், குறுகிய வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும் பவர்ஹெட்டுகளே கிடைத்தன. அவற்றின் எதிரே இருந்த பவளம் சதை கிழிந்து எலும்பு தெரிய நின்றது, இரண்டடி தள்ளியிருந்ததோ தேங்கிய நீரில் கசடு படிந்து கிடந்தது. ஹவாயின் வைகீகீ மீன்காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் அமைத்த கருவி வேறு வழி கண்டது: மேலே வைத்த கலத்தில் நீர் நிறைந்ததும் வடிகுழாய் தானே அதை ஒரே வீச்சில் தொட்டிக்குள் கொட்டிவிடும். மின்னணுவியல் எதுவுமின்றி உண்மையான அலையெழுச்சியைத் தந்த அந்த எளிய அமைப்பு இன்றும் பாராட்டுக்குரியதே. ஆயினும் அதன் இரைச்சலும் உப்புத் தெறிப்பும் வீட்டுக்கூடத்துக்கு ஒவ்வாதவை. ஜெர்மனியின் டுன்ஸெ நிறுவனத்தின் ஸ்ட்ரீம் வரிசை போன்ற விசிறிப் பம்புகளே வீட்டுத் தொட்டிகளின் நிலையை மாற்றின. ஒரே தள்ளுவிசையைச் சிறு துளையில் விரையும் நீராலும் பெறலாம், அகன்ற விசிறி மெல்ல நகர்த்தும் பெருநீராலும் பெறலாம். பாயும் நீரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், இரண்டாவது வழியில் மின்செலவு குறைகிறது, பவளமும் காயப்படுவதில்லை.

மென்பவளங்களுக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் மணிக்கு 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்பவளங்களுக்கு 40 மடங்கு அல்லது அதற்கும் மேல் என்பது வளர்ப்பாளரிடையே வழங்கும் கணக்கு. 400 லிட்டர் தொட்டிக்கு 40 மடங்கு என்றால் மணிக்கு 16,000 லிட்டர். பம்ப் வாங்கும்போது முதல் மதிப்பீடாக இது உதவும். ஆனால் பவளம் உணர்வது லிட்டரை அன்று, தன்னைக் கடக்கும் நீரின் வேகத்தையே. பாறைகளை அடுக்கிய விதம் தவறாக இருந்தால் எத்தனை மடங்கு சுழற்றினாலும் பின்புறம் தேங்கியே கிடக்கும். பவளத்தின் சிற்றுயிர்களான பாலிப்புகள் பல திசைகளிலும் அசைகின்றனவா, ஒரே பக்கம் மடிந்து கிடக்கின்றனவா, கசடு எங்கே சேர்கிறது என்று கவனிப்பதே சரியான அளவுகோல்.

பழைய மாறுமின் பம்புகளின் வேகத்தை மின்னிணைப்பின் அதிர்வெண்ணே நிர்ணயிக்கும். குறைக்கவோ கூட்டவோ இயலாது. 24 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்தத்தில் ஓடும் நேர்மின் பம்புகளின் வேகத்தை மின்னணுச் சுற்று மாற்றவல்லது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், மின்செலவோ கொள்கையளவில் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு பம்பை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் அதே போன்ற இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே ஓட்டத்தைக் கால்பங்கு மின்சாரத்தில் பெறலாம். தொட்டியின் இரு முனைகளில் நடுத்தரப் பம்புகள் இரண்டை வைப்பதற்கு இதுவே வலுவான காரணம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும் என்ற நன்மையும் உடன் வருகிறது. நீருக்குள் மூழ்கிய மோட்டாரின் வெப்பமெல்லாம் நீரிலேயே சேர்வதால், வெப்பநாட்டு வீடுகளில் இந்தச் சேமிப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் எக்கோடெக் மரைன் நிறுவனத்தின் வோர்டெக் பம்பில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே நின்று காந்தத்தின் வழியே உள்விசிறியைச் சுழற்றுவதால் வெப்பமும் மின்கம்பியும் நீருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கண்ணாடியின் தடிப்பு அந்தக் காந்தம் தாங்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் கட்டுப்பாடு.

கன்ட்ரோலரின் வேலை கடலின் நிலையாமையைத் தொட்டிக்குள் கொண்டுவருவது. இரு பம்புகளை மாறி மாறி முடுக்குதல், ஒழுங்கின்றி வேகத்தை ஏற்றி இறக்குதல், இரவில் தணித்தல், உணவிடும்போது சில நிமிடங்கள் நிறுத்தித் தானே மீண்டும் தொடங்குதல் ஆகியவை உண்மையிலேயே பயன்படுபவை. அலைமுறை ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. நீராழமும் உள்ள தொட்டியில் நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்து திரும்ப ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவதுபோல் பம்பின் துடிப்பும் இந்தக் கால இடைவெளியோடு பொருந்தினால், சிறு பம்பே பேரலையை எழுப்பும். அப்போது கண்ணாடி இணைப்புகளும் தாங்கு மேசையும் ஒவ்வொரு நொடியும் உலுக்கப்படுகின்றன. எனவே துடிப்பைச் சற்று விலக்கி வைப்பதே நல்லது.

நெப்டியூன் சிஸ்டம்ஸின் ஏபெக்ஸ் போன்ற பொதுக் கன்ட்ரோலரோடு பம்பை இணைக்க விரும்புவோர், 0–10 வோல்ட் சமிக்ஞையைப் பம்ப் ஏற்குமா என்று முன்பே பார்க்க வேண்டும். பல பம்புகள் தம் நிறுவனத்தின் கன்ட்ரோலருக்கு மட்டுமே பணியும். கன்ட்ரோலர் பழுதானால் பம்ப் நின்றுபோகுமா, கடைசி வேகத்தில் தொடருமா என்பது அதைவிட முதன்மையான கேள்வி. மின்சாரம் போனால் தொட்டியில் முதலில் தீர்வது ஆக்சிஜனே. நீர்ப்பரப்பைக் கலைத்துக்கொண்டு ஒரு பம்பாவது குறைந்த வேகத்தில் ஓட பேட்டரி இருக்க வேண்டும், அதற்குத் தாழ்ந்த அழுத்த நேர்மின் பம்பே எளிதில் ஒத்துவரும். மீதமுள்ளது பராமரிப்பு: விசிறியிலும் காந்தத்திலும் சுண்ணம் படிந்து ஓட்டம் நாள்பட மெலியும் என்பதால், பம்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், கருவியின்றிக் கையாலேயே பிரிக்கக்கூடிய பம்பைத்தான் அவ்வளவு ஒழுங்காகக் கழுவ முடிகிறது என்பதையும் வாங்கும்போதே எண்ணிக்கொள்வது நலம்.