காந்திகிராமத்து டாக்டர் அம்மா

கம்பம் பள்ளத்தாக்கின் மூத்தவர்களிடம் டிவிஎஸ் என்றால், நேரம் தவறாமல் வந்து நின்ற பஸ்தான் முதலில் பேச்சில் வரும். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் செய்ததை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும்.

1904ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர், 1925ல் அந்த நோய்க்கே பலியானார். கைம்பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம். சௌந்தரமோ டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936ல் டாக்டரானார். தீண்டாமை ஒழிப்புப் பணியில் இருந்த ஜி.ராமச்சந்திரனை 1940ல் சேவாகிராமத்தில், காந்தி முன்னிலையில் மணந்தார். மறுமணம், அதுவும் சாதி மறுப்பு மணம். பெற்றோருக்குச் சம்மதமில்லை.

1947ல் இருவரும் நெசவாளர்கள் நிறைந்த சின்னாளபட்டிக்கு வந்து, காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பிரசவம் பார்க்க இரண்டு படுக்கைகள். இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான்.

அதோடு நின்றிருந்தால் கைராசிக்கார டாக்டர் என்ற பெயரோடு போயிருக்கும். அவர் கிராமத்துப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து, கிராமங்களுக்கே அனுப்பினார். தான் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வேண்டும் என்று யோசித்த இந்த இடத்தில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. திராட்சைக்கும் ஏலக்காய்க்கும் விடியுமுன்னே கூலி வேலைக்குக் கிளம்பும் பெண்கள் வாழும் பள்ளத்தாக்குக்கு இதன் அருமை தெரியும். ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, டவுன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது அவர்களுக்கு லேசான காரியமில்லை. நர்சம்மா வாசலுக்கே வந்து விசாரித்துப் போவது எவ்வளவு பெரிய உதவி!

பதவிகளும் வந்தன. சட்டமன்ற உறுப்பினர், 1962ல் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர், மத்தியக் கல்வித் துணை அமைச்சர், பத்மபூஷண். 1956ல் உருவான காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1984ல் அவர் மறைந்தபோது, கம்பமும் காந்திகிராமமும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன.

கம்பம் இருக்கும் தேனி மாவட்டத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக் பெயரைக் கேள்விப்படாத பிள்ளை இருக்காது. லோயர் கேம்ப்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்துக்கு மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்கள், இன்னொரு நாள் காந்திகிராமத்துக்கும் பஸ் பிடிக்கலாம். அங்கே மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் இன்றும் நடக்கின்றன. கேட்டால் சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள்.