பேசியே சிரிக்க வைத்த காண்டின்பிளாஸ்

மெக்சிகோ நாட்டுச் சிரிப்பு நடிகரின் கதை

கோர்ட்டில் ஒரே கூட்டம். கூண்டில் ஒருவன் நிற்கிறான். அவன் மீது கொலைக் குற்றம்.

பாபியைக் கொன்றது நீயா என்று கேட்கிறார்கள். ஆமாம், நான்தான் கொன்றேன் என்கிறான். அதுவும் பெருமையாக!

அவன் கொன்றது பாபி என்ற வெறிநாயை. கோர்ட்டு விசாரிப்பதோ பாபி என்ற ரவுடியின் கொலையை. இரண்டு பாபி இருந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது.

கூண்டில் நிற்பவன் பேசத் தொடங்குகிறான். ஒன்றைச் சொல்ல வந்து பாதியில் விடுகிறான். இன்னொன்றுக்குத் தாவுகிறான். அதையும் முடிப்பதில்லை. வக்கீலுக்குத் தலை சுற்றுகிறது. கடைசியில் ரவுடியைக் கொன்றவன் தானே வந்து ஒப்புக்கொள்கிறான். கூண்டில் நின்றவனுக்கு விடுதலை! ஆனால் அதற்குள் நீதிபதியும் வக்கீல்களும் அவனைப் போலவே உளறத் தொடங்கி விடுகிறார்கள்!

இது 1940-ம் ஆண்டு மெக்சிகோவில் வெளிவந்த படம். "அங்கேதான் இருக்கிறது விஷயம்" என்பது அதன் பெயர். கூண்டில் நின்றவர் காண்டின்பிளாஸ். ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகள் சுமார் இருபது. அத்தனை நாடுகளிலும் அவர் பெயரைச் சொன்னாலே மக்கள் சிரிப்பார்கள்.

தபால் ஊழியர் மகன்

காண்டின்பிளாஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவருடைய சொந்தப் பெயர் மேரியோ மொரேனோ. 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி மெக்சிகோ நகரில் பிறந்தார். தந்தை தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். சம்பளம் குறைவு, பிள்ளைகளோ அதிகம்.

அப்போது மெக்சிகோவில் பெரிய புரட்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டுப்புறத்து ஏழைகள் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து குவிந்தார்கள். நகரத்துப் பேச்சு அவர்களுக்குச் சரளமாக வராது. போலீஸ்காரர் அதட்டினால் வாய் குழறும். அதிகாரி கேள்வி கேட்டால் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்வார்கள். அந்தத் தெருக்களில்தான் மேரியோ வளர்ந்தார். அவர்கள் பேசுவதைக் காதால் கேட்டே வளர்ந்தார்.

வாலிபத்தில் அவர் பார்க்காத வேலை இல்லை. பூட்ஸ் துடைத்தார். குத்துச் சண்டை போட்டார். காளைச் சண்டையும் பழகினார். எதிலும் நிலைக்கவில்லை.

கடைசியில் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

நடுக்கத்தில் பிறந்த சிரிப்பு

கூடாரம் என்றால் சர்க்கஸ் கூடாரம் போன்ற ஒரு சின்னக் கொட்டகை. ஆட்டம், பாட்டு, கோமாளிக் கூத்து எல்லாம் உண்டு. கட்டணம் சில காசுகள்தான். ஏழைகள்தான் வருவார்கள். பிடித்தால் கை தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் மேடையில் நிற்பவன் பாடு திண்டாட்டம்!

ஒரு நாள் நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டியவர் வரவில்லையாம். மேரியோவை மேடையில் தள்ளி விட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு உடல் நடுங்கியது. சொல்ல வந்தது மறந்து போயிற்று. வாயில் வந்ததை எல்லாம் உளறினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது! உளறல்தான் தன் தொழில் என்று அன்றே அவருக்குப் புரிந்துவிட்டது என்பார்கள்.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. அவருடைய உளறலைக் கேட்ட ஒருவர், மதுக்கடையில் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கூட்டத்திலிருந்து கேலி செய்தாராம். அந்தச் சொற்கள் தேய்ந்து காண்டின்பிளாஸ் ஆனதாம். மெய்யோ பொய்யோ, பெயர் ஒட்டிக்கொண்டது. மகன் கூத்தாடுவது பெற்றோருக்குத் தெரியாமல் மறைக்கவும் அது உதவியது.

கூடாரத்தில் அவருக்கு வாழ்க்கைத் துணையும் கிடைத்தது. வாலன்டினா என்ற ரஷ்யப் பெண். அவளுடைய தகப்பனார்தான் ஒரு கூடாரத்தை நடத்தி வந்தார். இருவரும் காதலித்து மணந்துகொண்டார்கள்.

கயிறுதான் பெல்ட்!

அவருடைய வேடம் எளிமையானது. இடுப்பில் நிற்காமல் நழுவும் கால்சட்டை. அதற்குப் பெல்ட்டாக ஒரு கயிறு. தலையில் சின்னத் தொப்பி. தோளில் ஒரு கந்தல் துணி. அதைத்தான் அவர் தன் விலை உயர்ந்த "மேல் கோட்டு" என்பார். மீசையோ உதட்டின் இரு முனைகளிலும் மட்டும் நாலு மயிர்!

வேடத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம். பேச்சு அப்படி அல்ல. தமிழில் சொன்னால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும். கடன் கொடுத்தவர் வந்து பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பணமா? பணம் என்ன ஐயா, இன்றைக்கு இருக்கும், நாளைக்கு... அது வேறு விஷயம். தரமாட்டேன் என்றா சொன்னேன்? சொல்லவில்லை. தருவேன் என்றும் சொல்லவில்லை. கேட்டது நீங்கள். நான் கேட்கவில்லை. அப்படி இருக்கும்போது, யார் யாருக்கு, எதை என்று... நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்கள்!"

கேட்டவர் குழம்பித் திரும்பிப் போவார். ஏழைக்குத் தோள் வலி இல்லை, பண வலி இல்லை. வாய் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வாயைக் கேடயமாகப் பிடித்து அவன் தப்பிக்கிறான். கொட்டகையில் தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் சிரித்ததன் ரகசியம் இதுதான்.

1937-ல் ஒரு வேடிக்கை நடந்தது. மொரோனஸ், லொம்பார்டோ டொலெடானோ என்ற இரு தொழிற்சங்கத் தலைவர்களுக்குள் தகராறு. மொரோனஸ் தன்னோடு வாதாட வரும்படி சவால் விட்டார். வாதத் திறமையைக் காட்ட ஆசை இருந்தால் காண்டின்பிளாசோடு போய் வாதாடட்டும் என்று டொலெடானோ பதில் கொடுத்தார்! கூடாரத்துக் கோமாளி பெயர் அரசியலுக்கே வந்துவிட்டது. காண்டின்பிளாஸ் சும்மா இருப்பாரா? தன் பாணியில் நீளமாக ஒரு பதில் உளறினார்.

பிறகு படங்கள் வரிசையாக வந்தன. கூட்டாளிகளோடு "போசா பிலிம்ஸ்" என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். நாற்பதுக்கும் அதிகமான படங்களில் நடித்தார்.

கடிதம் வந்தது, படிக்கத் தெரியவில்லை!

அவற்றில் ஒரு படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1961-ல் வந்த "எழுத்தறியாதவன்".

கதாநாயகன் பெயர் இனோசென்சியோ. அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. இருபது லட்சம் பேசோ சொத்து அவனுக்குச் சேர வேண்டும் என்ற செய்தி அதில் இருக்கிறது. பேசோ என்பது மெக்சிகோ நாணயம். ஆனால் அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது!

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஆனால், படிக்கத் தெரியாதவர்களைப் படித்தவர்கள் கேலி செய்வதை அவன் கண்டிருக்கிறான். எனக்கு வந்த கடிதத்தை நானே படிப்பேன் என்று முடிவு செய்கிறான். சிறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். பிழைப்புக்கு ஒரு பாங்கியில் எடுபிடி வேலை. கையில் லட்சாதிபதி ஆகும் கடிதம். செய்வதோ தரை கூட்டும் வேலை! இடையில் கடிதம் தொலைகிறது. பாங்கிப் பணத்தைத் திருடியதாகப் பழியும் வருகிறது. மீதியைப் படத்தில் பார்க்க வேண்டும்.

காண்டின்பிளாசின் மற்றப் படங்களில் ஏழை வாயால் தப்பிக்கிறான். இதில் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறான்.

ஹாலிவுட்டில் வெற்றியும் தோல்வியும்

ஹாலிவுட் முதலாளிகள் அவரை அழைக்காமல் இல்லை. இங்கிலீஷில் நடிக்க அவர் தயங்கினார். 1956-ல்தான் "80 நாளில் உலகப் பயணம்" படத்தில் தோன்றினார். டேவிட் நிவன் துரை, காண்டின்பிளாஸ் வேலைக்காரன். துரையும் வேலைக்காரனும் இந்தியாவுக்கும் வருகிறார்கள். கணவன் சிதையில் எரிக்கப்பட இருந்த இளவரசியை வேலைக்காரன் தந்திரமாகக் காப்பாற்றுகிறான்.

கதையை எழுதியவர் ஜூல்ஸ் வெர்ன். அவர் புத்தகத்தில் காளைச் சண்டை கிடையாது. காண்டின்பிளாசுக்காகவே அதைச் சேர்த்தார்கள். வாலிபத்தில் பழகிய வித்தை அங்கே கை கொடுத்தது! சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. காண்டின்பிளாசுக்குச் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று "கோல்டன் குளோப்" பரிசு கிடைத்தது.

அடுத்து 1960-ல் "பெப்பே" என்ற படம். தன் குதிரையைத் தேடி ஹாலிவுட்டுக்குப் போகும் மெக்சிகோக்காரன் கதை. பிங் கிராஸ்பி, பிராங்க் சினாட்ரா என்று பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் தலை காட்டினார்கள். பணம் தண்ணீராகச் செலவாயிற்று. படம் எடுபடவில்லை.

அதில் ஆச்சரியம் இல்லை. 1957-ல் அவர் நடித்த ஒரு படத்தின் பெயர் "ராக்கேலின் பொலேரோ". பொலேரோ என்றால் ஒரு வகை நடன இசை. ராவேல் என்ற பிரெஞ்சு இசை மேதை அமைத்த பொலேரோ உலகப் புகழ் பெற்றது. மெக்சிகோவிலோ பூட்ஸ் துடைப்பவனுக்கும் பொலேரோ என்றே பெயர்! தலைப்பைப் படித்ததுமே மெக்சிகோக்காரன் சிரித்துவிடுவான். மற்ற மொழிக்காரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொன்னால் சிரிப்பு போய்விடும்.

அவர் தன் தாய்மொழிக்கே திரும்பினார்.

சுவரில் ஒரு சித்திரம்

மெக்சிகோவின் புகழ் பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா. 1953-ல் மெக்சிகோ நகரில் திறந்த ஒரு நாடக அரங்கின் முகப்பில் அவர் பெரிய சித்திரம் தீட்டினார். நடுவில் காண்டின்பிளாஸ் நிற்கிறார். ஒரு பக்கம் பணக்காரர்களிடம் வாங்குகிறார். மறுபக்கம் ஏழைகளுக்குக் கொடுக்கிறார். அவருடைய கந்தல் கோட்டில் மாதாவின் படத்தை ரிவேரா வரைய இருந்தார். பக்தர்கள் ஆட்சேபித்தார்கள். அது நீக்கப்பட்டது.

கொடுப்பவராக வரைந்தது வீண் புகழ்ச்சி அல்ல. உதவி கேட்டு வந்தவர்களுக்கு அவர் வாரிக் கொடுத்தார். நடிகர்கள் சங்கத்துக்கும் தலைவராக இருந்து உழைத்தார்.

ஆனால் வயது ஏற ஏற, திரையில் வந்த கந்தல்காரன் மாறிப் போனான். 1964-ல் பாதிரியார், 1967-ல் ராஜதந்திரி, 1971-ல் வாத்தியார். குழப்பிச் சிரிக்க வைத்தவர் புத்தி சொல்லத் தொடங்கினார். ஜனங்கள் அப்போதும் கொட்டகையை நிறைத்தார்கள். விமர்சகர்களுக்குத்தான் மனக்குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. 1940-ல் கோர்ட்டுக் கூண்டில் நின்ற மனிதன், பின்னால் வந்த படங்களில் நீதிபதி பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டிலும் துயரம் வந்தது. 1966-ல் வாலன்டினா புற்றுநோயால் இறந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஓர் ஆண் குழந்தையை வாலன்டினா தத்து எடுத்திருந்தாள். 1980-களின் தொடக்கத்தில் வந்த "தெரு கூட்டுபவன்" அவருடைய கடைசிப் படம்.

ஸ்பெயின் நாட்டில் ஸ்பானிஷ் மொழிக்கென்று ஒரு கழகம் உண்டு. எது நல்ல சொல், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய புலவர்கள் அதில் இருக்கிறார்கள். 1992-ல் வந்த அவர்களுடைய அகராதியில் காண்டின்பிளாஸ் பெயரிலேயே ஒரு வினைச்சொல் ஏறியது. நிறையப் பேசி ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்று அதற்குப் பொருள்! மேடையில் பயந்து உளறிய வாலிபனின் பேச்சைப் புலவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

மறு ஆண்டு, 1993 ஏப்ரல் 20-ந்தேதி, அவர் காலமானார். நுரையீரல் புற்றுநோய். வயது 81. அமெரிக்க செனட் சபையில் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். மெக்சிகோ நகரத்துக் கலை மாளிகையில் உடலை வைத்திருந்தபோது மழை பெய்தது. நனைந்துகொண்டே ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்றார்கள்.