மாத்திரை மாறும்போது அவசரம் வேண்டாம்!

"மனசுக்குக் கூடவா மாத்திரை?" என்று எங்கள் குருவிகுளத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு எனக்குத் தூக்கமும் போச்சு, பசியும் போச்சு. காரணமில்லாத அழுகை வேறு. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டரம்மா அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் தேறினேன். ஆனால் நாக்கு வறட்சி, மலச்சிக்கல், பால் பொங்கி வழிவது கூடத் தெரியாத அளவுக்குத் தூக்கக் கலக்கம்! சொன்னதும் நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றினார்கள்.

தப்புப் பண்ணியது நான்தான். "பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதை மெல்ல ஆரம்பிக்கணும்" என்றதைக் காதில் வாங்கவில்லை. பழையதை அன்றே நிறுத்தினேன். புதியதை, சங்கரன்கோவில் ஆடித்தபசு முடியட்டும் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் குமட்டல், தலைவலி, வியர்வை. இரவில் பொட்டுத் தூக்கமில்லை. "கண் பட்டிருக்கும்" என்று அத்தை திருஷ்டி சுற்றினார்கள். இவர்தான் பஸ்ஸில் அழைத்துப் போனார்.

"ஏம்மா, மாடியிலிருந்து குதிப்பாங்களா? படிப்படியாத்தானே இறங்கணும்? மருந்துக்குப் பழகின மூளைக்கு அவகாசம் வேண்டாமா?" என்றார்கள் டாக்டரம்மா. இரண்டும் ட்ரைசைக்ளிக் என்ற ஒரே குடும்பமாம். அமிட்ரிப்டிலினில் ஒரு பகுதி உடம்புக்குள் நார்ட்ரிப்டிலினாகவே மாறுகிறதாம். அதனால் இரண்டையும் நம் இஷ்டத்துக்குச் சேர்த்துச் சாப்பிட்டாலும் அளவு கூடி ஆபத்து!

சகோதரிகளே, நான் கற்றுக் கொண்டவை:

* எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டரிடம் எழுதி வாங்கி, காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்தவர் சீட்டைப் பார்த்துச் சாப்பிடாதீர்கள்.

* இருதயக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

* கடுமையான படபடப்பு, மயக்கம், மனக்குழப்பம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

* இந்த மாத்திரைகள் அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

* புது மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகலாம். நடுவில் 'செத்துப் போகலாமா' என்ற நினைப்பு வந்தால் மறைக்கவே கூடாது. வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சொன்னபடி கேட்டேன். சில வாரங்களில் சுமுகமாக மாறிவிட்டேன். இப்போதெல்லாம் பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்து விடுகிறேன்!

- ஒரு வாசகி, குருவிகுளம்