தண்ணீர்மேல் நின்றோடும் வண்டி

தங்கவயலில் கடல் இல்லை. பாலாறும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. அவ்வாறிருக்க, நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் இருவர் சில திங்களுக்கு முன் நம் இல்லம் தேடி வந்து, "ஐயா, தண்ணீர்மேல் நின்றுகொண்டே ஓட்டுகிறார்களே, அந்த ஜெட் ஸ்கீயை வீட்டிலேயே செய்ய முடியுமா?" என்று வினவினர். முதலில் நாம் நகைத்தோம். அவர்கள் கையோடு கொண்டு வந்திருந்த வரைபடத்தை விரித்துக் காட்டியதும் நகைப்பு அடங்கிற்று. அளவுகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. இருவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று, லேத்திலும் வெல்டிங்கிலும் பாடுபட்டு, இரவில் வீடு திரும்புகிறவர்கள். அன்று அவர்களுக்கு நாம் கூறிய விடையை மற்றக் குடும்பத்தாரும் அறியும்பொருட்டு இங்கு எழுதுகின்றோம்.

இவ்வண்டியே ஒரு தனி மனிதரின் கைவேலையில் பிறந்ததுதான். அமெரிக்க நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர், மண் தரையில் விழுந்து தோலுரிவதைவிடத் தண்ணீரில் விழுவது மேல் என்று எண்ணினார். 1965ஆம் ஆண்டில் அலுமினியத்தால் முதல் மாதிரியைச் செய்து முடித்தார். கவாசாகி நிறுவனம் 1973இல் அவ்வகை வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'ஜெட் ஸ்கீ' என்பது அந்நிறுவனத்தின் வணிகப் பெயர். இன்று உலகம் எல்லா வகைக்கும் அப்பெயரையே வழங்குகிறது. உட்கார்ந்து ஓட்டும் வகையில் இருவர் மூவர் ஏறலாம். நின்று ஓட்டுவதில் ஒருவருக்கே இடம். முன்புறம் கீல் வைத்த நீண்ட கைத்தண்டு ஒன்று. பின்புறம் நிற்பதற்குச் சிறு தட்டு ஒன்று. ஓடும்போதுதான் அது நிலைபெறும்; நின்றுவிட்டால் ஆடிக் கவிழும்.

இதன் தத்துவம் நம்மவர்க்குப் புதிதன்று. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி நீர் சக்கரத்தைச் சுழற்றிற்று. அதனால் பிறந்த மின்சாரம் கம்பி வழியே தங்கவயல் சுரங்கங்களுக்கு வந்தது. அங்கே நீர் சக்கரத்தைத் தள்ளியது. இங்கே சக்கரம் நீரைத் தள்ளுகிறது. வேற்றுமை அவ்வளவே. அடியிலுள்ள கம்பிச்சட்டம் வழியாகத் தண்ணீர் ஒரு குழலுக்குள் ஏறுகிறது. எஞ்சினோடு இணைந்த இம்பெல்லர் அதனைப் பின்னோக்கி விசையுடன் தள்ளுகிறது. சுழன்று வரும் நீரை அசையாத தகடுகள் நேர்ப்படுத்துகின்றன. இறுதியில் வாய் குறுகிய நாசில் வழியே நீர் பாய்ந்து வெளியேற, வண்டி முன்னே பாய்கிறது. சுரங்கத்து நீரை இரவு பகலாக இறைத்த பம்புகளோடு வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை விளக்க நெடுநேரம் ஆகவில்லை.

ஆனால் அவர்கள் அறியாதிருந்த செய்தி ஒன்று உண்டு. இவ்வண்டிக்குச் சுக்கான் இல்லை, பிரேக்கும் இல்லை. பாயும் நீரைத் திசை திருப்புவதாலேயே வண்டி திரும்புகிறது. எதிரே கல்லோ ஆளோ தென்பட்டதும் அஞ்சி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், நீர்ப்பாய்ச்சல் நின்றுவிடும். கைத்தண்டை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே சென்று மோதும். சாலையில் பழகிய கை இங்கே நம்மை ஏமாற்றிவிடும். செய்யத் தொடங்குமுன் மனத்தில் பதிய வேண்டிய முதற்பாடம் இதுவே.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து வேலையை முடித்துவிடலாம் என்பதே அவ்விளைஞர்களின் எண்ணம். காற்றுப்பட்டுக் குளிரும் எஞ்சினை மூடிய பெட்டிக்குள் வைத்தால் அது விரைவில் வெந்து போகும். நீர்வண்டி எஞ்சினோ பம்பு தள்ளும் நீரில் ஒரு பகுதியை எடுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆதலின் வீட்டில் செய்வோர் பெரும்பாலும் பழைய நீர்வண்டி ஒன்றின் எஞ்சினையும் பம்பையும் வாங்கி, உடலை மட்டும் புதிதாக வார்க்கின்றனர்.

உடலுக்கு முதலில் நுரைப்பலகையாலோ மரத்தாலோ உருவம் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுக்க வேண்டும். அச்சில் மெழுகு தேய்த்துக் கண்ணாடி இழை விரிப்பை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் படிய வைப்பர். ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக்குமிழி இல்லாதபடி உருளையால் அழுத்துவது இன்றியமையாதது. அடிப்பகுதியும் மேற்பகுதியும் தனித்தனியே வார்க்கப்பட்டுப் பின் ஒட்டப்படும். உள்ளே வெற்றிடங்களில் நீர் உறிஞ்சாத நுரைப்பொருளை நிரப்பினால், ஓட்டை விழுந்தாலும் வண்டி மூழ்காது.

உடல் முடிந்தபின் வருவது ஃபிட்டரின் வேலை. எஞ்சினின் அச்சும் பம்பின் அச்சும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கப்ளிங்கின்மேல் நேர்விளிம்பு வைத்து நாற்புறமும் ஃபீலர் கேஜால் அளந்து, தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடு செருகிச் சரிசெய்ய வேண்டும். இதில் தவறினால் பேரிங் சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். இம்பெல்லர் விளிம்புக்கும் குழலின் சுவருக்கும் இடையே மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே இடைவெளி இருத்தல் வேண்டும். மணலை உறிஞ்சி அவ்விடைவெளி அகன்றால் எஞ்சின் கூச்சலிடும், வண்டி நகராது.

ரெசின் வேலையில் ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசின் இறுகுவதற்குக் கோபால்ட், ஹார்டனர் என இரு மருந்துகள் சேர்ப்பர். இவ்விரண்டையும் நேரே ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கலாகாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கியபின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். நாமே ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சுப் பூசுகையில், வேலை விரைவில் முடியட்டும் என்று ஹார்டனரை மிகுதியாக ஊற்றிவிட்டோம். குவளை கொதித்துப் புகைந்தது. நல்வேளையாக வீட்டிற்கு வெளியே இருந்தோம். லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்குகிறது. அறைக்குள்ளும் அடுப்பங்கரை அருகிலும் இவ்வேலை கூடாது. முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் அணிவது கோழைத்தனம் அன்று. சுரங்கப் பாறைத் தூசியால் நுரையீரல் கெட்ட பெரியோரைப் பெற்ற நம் ஊருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

செய்து முடித்த வண்டியைத் தம் உடலுக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதிலேதான் இத்துறையினர்க்கு மகிழ்ச்சி மிகுதி. உயரத்திற்கேற்பக் கைத்தண்டின் நீளத்தை மாற்றுவர். துள்ளிக் குதிப்போர் தட்டில் கால் நுழைக்கும் பிடிகள் அமைப்பர். உடலின் நீளத்தையும் குறைத்துக்கொள்வர். இம்பெல்லர் இதழ்களின் சாய்வையும் நாசிலின் வாயளவையும் மாற்றினால், புறப்படும் விசைக்கும் இறுதி வேகத்திற்கும் உள்ள விகிதம் மாறும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே பொது விதி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்பவனே தேர்ந்த தொழிலாளி.

பயன்படுத்துவதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. வண்டியின் அடியில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து காற்றாட விட்டபின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஓட்டுபவர் விழுந்தவுடன் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சாவியை மணிக்கட்டில் கட்டாமல் ஏறலாகாது. மிதவை உடுப்பும் தலைக்கவசமும் வேண்டும். தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் அடியிலுள்ள குழலுக்குள் இழுக்கப்படலாம். நாசிலுக்குப் பின்னே எவரும் நிற்கலாகாது.

இவ்வளவும் கேட்ட இளைஞருள் ஒருவர், "எல்லாம் சரி ஐயா, பேத்தமங்கலம் ஏரியில் ஒரு ஞாயிறு ஓட்டிப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அங்கேதான் நாம் தடுத்தோம். பாலாற்றைத் தேக்கிய அந்த ஏரியே நம் பாட்டன்மார் காலத்தில் தங்கவயல் குடங்களை நிரப்பியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே எண்ணெயோடு நீரில் கழிக்கிறது. மக்களும் மாடுகளும் நீருண்ணும் ஏரியில் அதனைக் கலப்பது, சொந்த வீட்டுக் குடத்தில் பெட்ரோல் ஊற்றுவதற்கு ஒப்பாகும். அன்றியும், இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுக் கலங்களின் பதிவு குறித்து 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் விதிகள் வகுத்துள்ளது. உரியவர்களின் இசைவு பெற்ற நீர்நிலையிலன்றி வேறெங்கும் இறங்கலாகாது.

இளைஞர்கள் முகம் வாடிற்று. அவ்வாட்டத்தின் காரணம் ஒரு வண்டி மட்டும் அன்று என்பதை நாம் அறிவோம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன, பம்புகள் நின்றன, 3,000 மீட்டருக்கும் மேல் ஆழ்ந்த அச்சுரங்கங்களில் நீர் ஏறிற்று. அப்பம்புகளைப் பழுதின்றிக் காத்த கைகளின் திறமையும் அவற்றோடு மூழ்கிவிடுமோ என்பதே நம்முடைய அச்சம். பிறருக்காகப் பகலெல்லாம் இரும்பு கடையும் பிள்ளை, தனக்கென்று ஒரு பொருளைத் தானே வகுத்துச் செய்ய விரும்புவதை வீண்வேலை என்று பெற்றோர் கடியலாகாது.

ஆகவே அவர்களுக்கு நாம் கூறியது இது: முதலில் துடுப்பால் செல்லும் சிறு ஃபைபர் படகு ஒன்றைச் செய்யுங்கள். ரெசின் பழகட்டும், நீந்தவும் பழகுங்கள். அதே வேளையில் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டுங்கள். உங்கள் படகில் உங்கள் தாயாரை அமர்த்தித் துணிந்து கரை சேர்க்கும் நாளில் அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

படகின் அச்சு இப்போது ஆயத்தமாகிவிட்டது. அதற்கு மெழுகு தேய்ப்பவர், ஓய்வு பெற்ற ஃபிட்டராகிய அவர்களுள் ஒருவரின் பாட்டனார். கண் மங்கியிருக்கிறது, விரல் நுனியால் தடவியே மேடு பள்ளம் சொல்கிறார். பேரன் குறித்துக்கொள்கிறான்.